ஸ்டீயரிங் ஆடுகிறதா, மரத்துப் போயிருக்கிறதா? – வாசகர் கேள்வி பதில்

பழைய கார்களின் ஸ்டீயரிங் பற்றி வந்திருக்கும் கேள்விகளுக்கு இந்த இதழில் சேர்த்துப் பதில் சொல்கிறோம். எழுதியவர்கள் பலரும் 'ஸ்டீயரிங் லூஸ்' என்ற ஒரே சொல்லில் இரண்டு வெவ்வேறு கோளாறுகளைச் சொல்கிறார்கள். ஸ்டீயரிங்கைத் திருப்பியும் சக்கரம் உடனே அசையாவிட்டால் அது ப்ளே, அதாவது ஆட்டம். சக்கரம் அசைகிறது, ஆனால் ரோடு எப்படி இருக்கிறது என்று கைக்கு ஒன்றும் தெரியவில்லை, திருப்பிவிட்டுக் கையை எடுத்தால் தானாக நேருக்கு வரவில்லை என்றால் அது மரத்துப்போன ஸ்டீயரிங். முதலாவது பெரும்பாலும் தேய்மானத்தால் வருவது. இரண்டாவது பெரும்பாலும் எங்கோ இறுக்கம் இருப்பதால் வருவது. இறுக்கத்தால் வந்த நோய்க்கு இன்னும் இறுக்குவதை மருந்தாகக் கொடுத்துவிடக் கூடாது என்பதால்தான் இதை முதலிலேயே பிரித்துச் சொல்கிறோம்.

என்னிடம் 2003 மாடல் மாருதி 800 இருக்கிறது. 90,000 கி.மீ. ஓடியிருக்கிறது. ஸ்டீயரிங்கை இரண்டு விரல்கடை திருப்பினாலும் வண்டி கேட்பதில்லை. 60-க்கு மேல் போனால் ரோட்டில் அலைகிறது. பக்கத்தில் பஸ் கடந்தால் பயமாக இருக்கிறது. இரண்டு இடத்தில் வீல் அலைன்மென்ட் செய்தாயிற்று, மாற்றமே இல்லை. எங்கிருந்து தொடங்குவது? – வாசகர், காரைக்குடி

அலைன்மென்ட் கடைசியில் செய்ய வேண்டிய வேலை. மூட்டுகள் தேய்ந்திருக்கும்போது மெஷினில் நிற்கிற வண்டிக்கு ஒரு அளவு, ரோட்டில் இறங்கியதும் வேறு அளவு. நீங்கள் இரண்டு முறை கொடுத்த பணம் அப்படித்தான் போயிருக்கிறது.

காலையில், வண்டியை எடுப்பதற்கு முன், நான்கு டயரிலும் காற்றைப் பாருங்கள். கையேட்டில் உள்ள அளவுக்கு வையுங்கள். பின் டயர்களில் காற்று குறைந்திருந்தாலும் வண்டி அலையும். டயரின் பக்கச் சுவரில் விரலை ஓட்டிப் பாருங்கள். பொடிப்பொடியாக வெடித்திருந்தால் ரப்பர் காய்ந்துவிட்டது என்று பொருள். அந்த டயரை வைத்துக்கொண்டு மற்றதைச் சரிசெய்தாலும் முழுப் பலன் வராது.

அடுத்து ஆட்டத்தை அளந்து எழுதி வையுங்கள். தட்டையான இடத்தில், சக்கரங்கள் நேராக, இன்ஜின் அணைத்த நிலையில் வண்டியை நிறுத்துங்கள். ஸ்டீயரிங் வளையத்தின் உச்சியில் ஒரு துண்டு டேப்பை ஒட்டுங்கள். டேஷ்போர்டின் மேல் ஒரு ஸ்கேலைப் பிடித்துக்கொண்டு, முன் டயர் அசையத் தொடங்கும் வரை ஒரு பக்கம் மெல்லத் திருப்பிக் குறியுங்கள். பிறகு மறுபக்கம். இரண்டு குறிகளுக்கும் இடையே 30 மி.மீ. வரை இருக்கலாம் என்பதே சுசுகி தரும் எல்லை. அந்த எல்லையைத் தொட்டுவிட்ட பழைய வண்டி ஓட்டுவதற்குச் சுகமாக இருக்காது. பிரிட்டனில் ஆண்டுதோறும் நடக்கும் எம்.ஓ.டி. என்ற வாகனத் தகுதிச் சோதனை, உங்கள் வண்டியில் உள்ளது போன்ற ரேக் வகைக்கு இன்னும் கறாரானது. 380 மி.மீ. விட்டமுள்ள ஸ்டீயரிங்குக்கு ரேக் (பக்கவாட்டில் நகரும் பல் தண்டு) வகையில் 13 மி.மீ., பழைய பாக்ஸ் (கியர் பெட்டி) வகையில் 75 மி.மீ. என்பதுதான் அங்கே அளவு.

இனி ஆட்டம் எங்கே பிறக்கிறது என்று தேட வேண்டும். இதற்கு இரண்டு பேர் வேண்டும். வண்டி தரையிலேயே நிற்கட்டும், ஜாக்கி வேண்டாம். சக்கரத்தின் மேல் எடை இருந்தால்தான் மூட்டு தன் தளர்ச்சியைக் காட்டும். ஒருவர் உள்ளே உட்கார்ந்து ஸ்டீயரிங்கை இரண்டு அங்குலம் இடமும் வலமுமாக விடாமல் ஆட்டட்டும். மற்றவர் பெடல்களுக்குக் கீழே உள்ள யுனிவர்சல் ஜாயின்டில் (ஸ்டீயரிங் தண்டு கோணத்தில் வளைந்து சுற்ற உதவும் மூட்டு) தொடங்கி சக்கரம் வரை ஒவ்வொரு மூட்டையும் விரலால் தொட்டுக்கொண்டே வர வேண்டும். கண்ணைவிட விரல்தான் இதில் நம்பகமானது. ஒரு மூட்டின் இந்தப் பக்கம் அசைந்து அந்தப் பக்கம் அசையக் கொஞ்சம் தாமதமானால், விரல் நுனியில் மெல்லிய 'டக்' தெரியும். அந்த இடம்தான் குற்றவாளி.

யுனிவர்சல் ஜாயின்டைப் பினியன் (ரேக்கை நகர்த்தும் சிறிய பல்சக்கரம்) தண்டோடு பிடித்திருக்கும் போல்ட் தளர்ந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அது மட்டுமே காரணமாக இருந்தால் பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது. அடுத்து ரேக் குழாயின் மேல் கையை வையுங்கள். ஸ்டீயரிங்கை ஆட்டும்போது குழாயே பக்கவாட்டில் நகர்ந்தால், அதைப் பாடியோடு பிடித்திருக்கும் கிளாம்பின் ரப்பர் புஷ் தேய்ந்திருக்கிறது. பலரும் கவனிக்காமல் விடும் இடம் இது.

பிறகு ரேக்கின் இரு முனையிலும் உள்ள பூட் எனப்படும் மடிப்பு ரப்பர் உறையைக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே அமுக்கிப் பிடியுங்கள். உள்ளே, ரேக்கையும் டை ராடையும் (சக்கரத்தைத் திருப்பும் தண்டு) சேர்க்கும் ரேக் எண்ட் பந்து இருக்கும். அதன் ஆட்டம் ரப்பர் வழியாகவே கைக்கு வரும். கடைசியாகச் சக்கரத்துக்கு அருகில், டை ராடின் வெளி முனையில் உள்ள மூட்டான டை ராட் எண்ட்.

இவ்வளவு நுணுக்கமாகத் தேடச் சொல்வதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. சிறிய காரில் ஸ்டீயரிங் ஒரு முழுச் சுற்று சுற்றினால் ரேக் சுமார் 40 மி.மீ. நகரும். 380 மி.மீ. விட்டமுள்ள வளையத்தின் சுற்றளவு ஏறக்குறைய 1,190 மி.மீ. ஆகவே ரேக்கில் 1 மி.மீ. நழுவினால் உங்கள் கையில் 30 மி.மீ. காணாமல் போகும். கண்ணுக்கே தெரியாத அரை மி.மீ. தேய்மானம் கையில் ஒரு விரல்கடையாகத் தெரிவது இதனால்தான். ரேக் குழாய் ஆடினால் இந்த இழப்பு முழுதாக வரும். ஒரு பக்க டை ராட் எண்ட் மட்டும் தேய்ந்திருந்தால் மறுபக்கச் சக்கரம் உடனே கேட்டுவிடும். எனவே ஆட்டம் குறைவாகத் தெரியும், ஆனால் வண்டி குழப்பமாக அலையும்.

தரைச் சோதனை முடிந்ததும் பின் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, முன்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி உள்ளே கையை விடாதீர்கள். டயரைக் கடிகாரத்தின் 3, 9 இருக்கும் இடங்களில் பிடித்து ஆட்டினால் டை ராட் வழித் தளர்ச்சி தெரியும். 12, 6 இருக்கும் இடங்களில் பிடித்து ஆட்டினால் வீல் பேரிங் அல்லது பால் ஜாயின்ட். இரண்டில் எது என்று அறிய, ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் பேரிங், நிற்காவிட்டால் பால் ஜாயின்ட். பிறகு டயருக்கு அடியில் ஒரு கடப்பாரையைக் கொடுத்து மேலே நெம்பி, லோயர் ஆர்முக்கும் (சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கும் கை) நக்கிளுக்கும் (சக்கரம் மாட்டியிருக்கும் இரும்புத் துண்டு) நடுவே இடைவெளி திறந்து மூடுகிறதா என்று பாருங்கள்.

மாருதி 800-ல் இன்னும் ஒன்று உண்டு. லோயர் ஆர்ம் முன்பின் நகராமல் பிடித்திருப்பது ஸ்டெபிலைசர் பார்தான். அதன் புஷ் போனால் பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பின்னே போகும், காஸ்டர் கோணம் (சக்கரம் திரும்பும் அச்சின் முன்பின் சாய்வு) மாறும், வண்டி ஒரு பக்கம் இழுக்கும். ஆர்மையும் பாரையும் சேர்க்கும் இடத்தில் கடப்பாரையால் நெம்பினால் தெரிந்துவிடும். 90,000 கி.மீ. வண்டியில் இந்த ரப்பர்களை மாற்றியிருக்காவிட்டால் முதல் சந்தேகத்தை இவற்றின் மேல் வையுங்கள். விலை குறைவு, பலன் அதிகம்.

தேய்ந்ததை மாற்றிய பிறகு ஒரே ஒரு முறை அலைன்மென்ட் செய்யுங்கள். செய்வதற்கு முன், செய்த பின் என இரண்டு அளவுகளையும் அச்சிட்டுத் தரச் சொல்லி வாங்குங்கள். இந்த வண்டியில் முன்பக்கம் திருத்தக்கூடியது டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) மட்டும்தான். கேம்பர் (சக்கரத்தின் பக்கவாட்டுச் சாய்வு), காஸ்டர் கோணங்கள் தவறாக வந்தால் ஏதோ வளைந்திருக்கிறது, இல்லை தேய்ந்திருக்கிறது என்று பொருள். 'அதையும் அட்ஜஸ்ட் பண்ணிட்டோம்' என்று யாராவது சொன்னால் எப்படி என்று கேளுங்கள்.

1998 மாருதி ஜென். இரண்டு டை ராட் எண்டும் புதிதாகப் போட்டேன். ஆட்டம் பாதிதான் குறைந்தது. 'ரேக்கை டைட் பண்ணிடலாம், சரியாயிடும்' என்கிறார் மெக்கானிக். செய்யலாமா? – வாசகர், திருப்பூர்

ஆட்டம் ரேக்குக்கும் பினியனுக்கும் நடுவில்தான் இருக்கிறது என்று உறுதியானால் செய்யலாம். அதுவும் ஒரு வரம்புக்குள்.

ரேக்கின் முதுகில் ஒரு சிறிய உருளை, ஸ்பிரிங் விசையால் ரேக் பற்களைப் பினியனோடு அழுத்திக்கொண்டிருக்கிறது. 'டைட் பண்ணுவது' என்றால் அதன் பின்னால் உள்ள திருகை உள்ளே செலுத்துவது. நம் ஓட்டத்தில் பெரும்பகுதி நேர்க்கோட்டில்தான். அதனால் ரேக்கின் நடுப் பற்கள் மட்டும் தேய்கின்றன. ஓரப் பற்கள் கிட்டத்தட்டப் புதிதாகவே இருக்கின்றன. நடுவில் ஆட்டம் போகும் வரை இறுக்கினால், முழுதாகத் திருப்பும்போது ஓரப் பற்கள் சிக்கும். வளைவில் திருப்பிய ஸ்டீயரிங் திரும்பி வராமல் நின்றுவிடும். ஆட்டத்தைவிட ஆபத்தான நிலை அது.

ஆகவே முதலில் இடத்தை உறுதி செய்யுங்கள். ஒருவர் ஸ்டீயரிங்கை ஆட்டும்போது பினியன் தண்டு திரும்பியும் ரேக் தண்டு நகராவிட்டால்தான் பல் தேய்மானம். ரேக் நகர்ந்தும் டை ராட் நகராவிட்டால் உள்ளிருக்கும் ரேக் எண்ட். நீங்கள் வெளி எண்ட் மட்டும் மாற்றியிருப்பதால் எங்கள் சந்தேகம் முதலில் ரேக் எண்டின் மேல்தான்.

இறுக்குவதே வழி என்றால் இப்படிச் செய்யச் சொல்லுங்கள்: முன்பக்கம் தூக்கி, சக்கரங்கள் நேராக இருக்கட்டும். திருகின் இப்போதைய நிலையைப் பெயின்டால் ஒரு கோடு போட்டுக் குறியுங்கள். லாக் நட்டைத் தளர்த்தி, எட்டில் ஒரு பங்கு சுற்று மட்டும், அதாவது 45 டிகிரி, உள்ளே திருப்புங்கள். லாக் நட்டை இறுக்கும்போது திருகும் சேர்ந்து சுற்றாமல் பிடித்துக்கொள்ளுங்கள். பிறகு ஸ்டீயரிங்கை ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை மெல்லத் திருப்பிப் பாருங்கள். எங்கேயும் கனக்கக் கூடாது. காலி மைதானத்தில் 20 கி.மீ. வேகத்தில் வளைத்து, பிடியைத் தளர்த்தினால் தானாக நேருக்கு வர வேண்டும். வராவிட்டால் பழைய கோட்டுக்கே திருப்பிவிடுங்கள். 45 டிகிரிக்குக் கேட்காத ரேக்கை மேலும் இறுக்கிப் பயனில்லை, மாற்ற வேண்டும்.

மாற்றும்போது ரப்பர் பூட்டையும் பாருங்கள். கிழிந்த பூட்டுக்குள் மழைத் தண்ணீரும் மணலும் போனால் கிரீஸ் காபிப் பொடி கரைத்தது போலாகிவிடும். அது கிரீஸ் அல்ல, பல்லை அரைக்கும் விழுது. புது ரேக் போட்டுவிட்டுப் பழைய பூட்டை மாட்டுவது இரண்டு மழைக்காலத்தில் மறுபடி செலவு வைக்கும்.

ஐயா, அப்பா காலத்து ப்ரீமியர் பத்மினி வைத்திருக்கிறோம். ஸ்டீயரிங்கில் மூன்று அங்குல ஆட்டம். 'ஃபியட்னா அப்படித்தான் இருக்கும்' என்கிறார்கள். உண்மையா? – வாசகி, நாகர்கோவில்

பாதி உண்மை. பத்மினியில் ரேக் இல்லை, ஸ்டீயரிங் பாக்ஸ்தான். பாக்ஸ் திருப்பும் டிராப் ஆர்ம், எதிர்ப்பக்கம் அதோடு சேர்ந்து திரும்பும் ஐட்லர் ஆர்ம், நடுவில் இரண்டையும் இணைக்கும் டிராக் ராட், அதன் பிறகு சக்கரத்துக்குப் போகும் ராடுகள் என்று மூட்டுகள் அதிகம். ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொஞ்சம் சேரும். அதனால் மாருதி அளவுக்குக் கறாராக இருக்காது. ஆனால் மூன்று அங்குலம் என்பது சுமார் 75 மி.மீ. பாக்ஸ் வண்டிகளுக்கு மேலே சொன்ன பிரிட்டன் அளவின் விளிம்பு அது. விட்டுவைக்கக் கூடாது.

பாக்ஸைத் தொடுவதற்கு முன் மற்றதையெல்லாம் பாருங்கள். தரையில் நிறுத்தி ஆட்டும் அதே சோதனைதான். டிராப் ஆர்ம் உடனே அசைகிறதா என்று முதலில் பாருங்கள். உடனே அசைந்தால் பாக்ஸ் நன்றாக இருக்கிறது, ஆட்டம் அதற்குப் பிறகுதான். ஐட்லர் ஆர்மைக் கையால் மேலும் கீழும் தள்ளிப் பாருங்கள். அதன் புஷ் தேய்ந்தால் ஆர்ம் திரும்ப வேண்டிய நேரத்தில் முதலில் சாயும். பல பத்மினிகளில் பாக்ஸுக்குப் போகும் பழி உண்மையில் ஐட்லர் ஆர்முக்குப் போக வேண்டியது.

சக்கரத்தைத் தூக்கி, பிரேக்கை மிதித்துக்கொண்டு 12, 6 நிலையில் ஆட்டுங்கள். அப்போதும் ஆட்டம் இருந்தால் கிங் பின் (சக்கரம் திரும்பும் நிமிர்ந்த அச்சு) புஷ். கடலோரக் காற்றில் கிரீஸ் வறண்டு துருப் பிடிப்பதும் சேரும். முன்பக்கக் கிரீஸ் நிப்பிள்கள் எல்லாவற்றுக்கும் 2,000 கி.மீ.க்கு ஒரு முறை, பழைய கிரீஸ் வெளியே பிதுங்கும் வரை கிரீஸ் அடிக்க வேண்டும். நிப்பிள் அடைத்திருந்து கிரீஸ் ஓரத்தில் வழிந்தால் அடித்ததாகக் கணக்கில்லை. நிப்பிளை மாற்றி அடியுங்கள்.

பாக்ஸில்தான் ஆட்டம் என்றால் முதலில் உள்ளே எண்ணெய் இருக்கிறதா என்று பாருங்கள். டிராப் ஆர்ம் தண்டின் சீல் ஒழுகி, பாக்ஸ் காலியாக ஓடும் வண்டிகள் நிறைய. 90 நம்பர் கியர் ஆயில் ஊற்றுங்கள். சீல் ஒழுகுகிறது என்பதற்காகக் கெட்டி கிரீஸ் திணிக்காதீர்கள். அது பற்கள் ஒதுக்கிய இடத்திலேயே நின்றுவிடும், திரும்ப வந்து நனைக்காது.

பிறகு ஸ்டீயரிங் தண்டு மேலும் கீழும் நகர்கிறதா என்று இழுத்துப் பாருங்கள். நகர்ந்தால் வார்மின் (தண்டின் அடியில், பாக்ஸுக்குள் உள்ள திருகு வடிவப் பல்) பேரிங் தளர்ந்திருக்கிறது. அதை முதலில் சரிசெய்யாமல் பாக்ஸின் மேலே உள்ள சரிசெய்யும் திருகை இறுக்குவது தவறு. அது சரியாக இருந்தால் டிராப் ஆர்மிலிருந்து ராடைக் கழற்றிவிட்டு, ஸ்டீயரிங்கைச் சரியாக நடுவில் வைத்து, திருகை எட்டில் ஒரு பங்கு சுற்றாக இறுக்குங்கள். நடுவில் மட்டும் மிக லேசான இறுக்கம் கைக்குத் தெரியலாம். இரு ஓரங்களிலும் தடையின்றிச் சுற்ற வேண்டும். ஓரத்தில் சிக்கினால் நிறுத்துங்கள். அந்த வார்ம் நடுவில் குழி விழுந்துவிட்டது, பாக்ஸைப் பிரித்துத்தான் ஆக வேண்டும்.

அலைன்மென்ட் செய்த பிறகு நேரே போகும்போது ஸ்டீயரிங் கோணலாக நிற்கிறது. ஸ்டீயரிங்கைக் கழற்றி நேராக மாட்டித் தருகிறேன் என்கிறார்கள். – வாசகர், விழுப்புரம்

வேண்டாம். ஒரு பக்க டை ராடை மட்டும் திருகி டோவைச் சரிசெய்திருக்கிறார்கள். ஸ்டீயரிங்கைக் கழற்றி மாட்டினால் பார்வைக்கு நேராகும், ஆனால் ரேக் நடுவில் இருக்காது. ஒரு பக்கம் அதிகமாகவும் மறுபக்கம் குறைவாகவும் திரும்பும். ஸ்டீயரிங்கை நேராகக் கட்டி வைத்துக்கொண்டு, இரு பக்க டை ராடையும் திருகி, ஒவ்வொரு சக்கரத்தையும் தனித்தனியாக அளவுக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். முடிந்ததும் இரு பக்கமும் வெளியே தெரியும் மரைகளை எண்ணுங்கள். ஒன்றிரண்டுக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது.

2004 ஹுண்டாய் ஆக்சென்ட். ஆட்டம் இல்லை. ஆனால் நெடுஞ்சாலையில் ஸ்டீயரிங் மரக்கட்டை போல இருக்கிறது. சின்னதாகத் திருப்பினால் அப்படியே நிற்கிறது, நானே திரும்ப இழுக்க வேண்டும். ஓட்டி முடித்தால் தோள் வலிக்கிறது. – வாசகர், ஓசூர்

நீங்கள் சொல்வது மரத்துப்போன ஸ்டீயரிங்கின் அடையாளம். எங்கோ ஒரு மூட்டு இறுகியிருக்கிறது. சக்கரத்தைத் தானாக நேருக்குக் கொண்டுவரும் விசை மிகச் சிறியது. நடுவில் ஒரு இடத்தில் உராய்வு கூடினாலும் அது தோற்றுவிடும். ரோட்டின் செய்தியும் அதே விசையோடு வருவதால் கைக்கு அதுவும் எட்டாது.

பவர் ஸ்டீயரிங் எண்ணெயை முதலில் பார்த்துவிடுங்கள். அளவு குறைந்திருந்தாலோ, நுரைத்திருந்தாலோ, திருப்பும்போது பம்ப் முனகினாலோ அதைச் சரிசெய்யுங்கள். பெல்ட் தளர்ச்சியும் அப்படியே. ஆனால் இவை பெரும்பாலும் நிறுத்துமிடத்தில் கனமாகத் தெரியும் கோளாறுகள். நெடுஞ்சாலையில் நடுவில் ஒட்டிக்கொள்வதற்குக் காரணம் வேறு.

இன்ஜினை அணைத்து, முன் சக்கரங்கள் இரண்டையும் ஸ்டாண்டில் தூக்கி, ஸ்டீயரிங்கை ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு மெல்லச் சுற்றுங்கள். எண்ணெயைத் தள்ளும் கனம் சீராக இருக்கும், அது இயல்பு. ஒவ்வொரு முழுச் சுற்றிலும் இரண்டு இடத்தில், எதிரெதிராக, கனத்தால் யுனிவர்சல் ஜாயின்டின் ஊசி பேரிங் துருப் பிடித்திருக்கிறது. ஊடுருவும் எண்ணெய் விட்டால் சில வாரம் ஓடும். நிலையான தீர்வு மாற்றுவதுதான்.

அடுத்து, முன் ஷாக் அப்சார்பரின் காயில் ஸ்பிரிங்கில் கையை வைத்துக்கொண்டு இன்னொருவரைத் திருப்பச் சொல்லுங்கள். விரல் ஸ்பிரிங் சுற்றுகளுக்கு நடுவே போகாமல் வெளிப்புறத்தில் மட்டும் தொட்டால் போதும். இந்தச் சோதனையை வண்டியைத் தரையில் இறக்கிவிட்டுச் செய்யுங்கள். ஸ்பிரிங் சீராகச் சுற்ற வேண்டும். முறுக்கிக்கொண்டு நின்று, பிறகு 'டங்' என்று துள்ளினால் மேலே உள்ள ஸ்ட்ரட் பேரிங் இறுகியிருக்கிறது.

மூன்றாவது பால் ஜாயின்ட். தேய்ந்தால் ஆடும், வறண்டால் இறுகும். டை ராட் எண்டை நக்கிளிலிருந்து கழற்றிவிட்டு, சக்கரத்தைக் கையால் இடம் வலமாகத் திருப்புங்கள். ஒரு கையால் எளிதாகத் திரும்ப வேண்டும். இரண்டு டை ராடும் கழன்ற நிலையில் ஸ்டீயரிங்கைச் சுற்றிப் பார்த்தால், இறுக்கம் ரேக்கிலா, சக்கரப் பக்கத்திலா என்பது ஐயமின்றிப் பிரிந்துவிடும். சமீபத்தில் யாராவது ரேக்கை 'டைட்' செய்திருந்தால் அதை முதலில் தளர்த்திப் பாருங்கள். திருப்பூர் வாசகருக்குச் சொன்ன எச்சரிக்கையின் விளைவு இப்படித்தான் இருக்கும்.

இவை எல்லாம் சரியாக இருந்து, வண்டி முன்பு எங்காவது மோதியிருந்தால், அலைன்மென்ட் மெஷினில் காஸ்டரை அளக்கச் சொல்லுங்கள். காஸ்டர் குறைந்தால் நேருக்குத் திரும்பும் விசையே குறையும்.

மாருதி 800-க்கு அகலமான டயர், அலாய் வீல் போட்டதிலிருந்து நேராகப் போக மாட்டேன் என்கிறது. – வாசகர், கோயம்புத்தூர்

அந்த வண்டி 12 அங்குலச் சக்கரத்தில் 145 மி.மீ. டயருக்காகச் செய்யப்பட்டது. அகலமான டயர் ரோட்டின் பள்ளக் கோடுகளைப் பிடித்துக்கொண்டு அதன் வழியே இழுக்கும். அலாய் வீலின் ஆஃப்செட் (ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து அது வண்டியில் பொருந்தும் முகம் இருக்கும் தூரம்) மாறினால் சக்கரம் வெளியே தள்ளி நிற்கும், ஒவ்வொரு குழியும் ஸ்டீயரிங்கைப் பிடுங்கும், பேரிங்கும் சீக்கிரம் போகும். பழைய ரிம்களை ஒரு நாள் மாட்டி ஓட்டிப் பாருங்கள். குறை மறைந்தால் வேறு எதையும் தேட வேண்டாம்.

மாருதி ஜிப்ஸி. குழியில் ஏறினால் 50-60 வேகத்தில் ஸ்டீயரிங் இரு பக்கமும் உதறுகிறது, நிறுத்தினால்தான் அடங்குகிறது. டேம்பர் புதிதாகப் போட்டும் ஒரு மாதத்தில் திரும்பிவிட்டது. – வாசகர், உதகமண்டலம்

டேம்பர், அதாவது ஸ்டீயரிங் உதறலை அடக்கும் ஷாக் அப்சார்பர், நோயை மறைத்திருக்கிறது, குணப்படுத்தவில்லை. ஜிப்ஸியின் முன் ஆக்ஸில் ஒரே துண்டு, லீஃப் ஸ்பிரிங்கின் மேல் நிற்கிறது. ஒரு சக்கரம் உதறினால் அது மற்றதுக்கும் நேராகப் போகும். டேம்பரைக் கழற்றி வைத்துவிட்டுச் சோதியுங்கள். டிராக் ராட், டை ராட் எண்டுகள், வீல் பேரிங், லீஃப் ஸ்பிரிங் ஷேக்கிள் புஷ், யூ போல்ட் இறுக்கம் எல்லாவற்றையும் பாருங்கள். முக்கியமாகக் கிங் பின் பேரிங். அதன் இறுக்கம் குறைந்தால்தான் இந்த உதறல் தொடங்கும். டை ராடைக் கழற்றி, நக்கிளின் ஓரத்தில் ஸ்பிரிங் தராசை மாட்டி இழுத்து, அது நகரத் தொடங்கும் விசையைக் கையேட்டு அளவோடு ஒப்பிட வேண்டும். குறைவாக இருந்தால் மேல் மூடிக்கு அடியில் உள்ள ஷிம்மை (மெல்லிய தகடு) எடுத்து இறுக்கம் கூட்டலாம். பேரிங் பாதையில் உருளைகளின் தடம் பதிந்திருந்தால் ஷிம் எடுத்துப் பயனில்லை, பேரிங்கையே மாற்றுங்கள். டயர் பேலன்சிங்கையும் அதே நாளில் முடித்துவிடுங்கள். ஓடும்போது உதறல் வந்தால் ஸ்டீயரிங்கோடு மல்லுக்கட்டாமல் உறுதியாகப் பிடித்து, ஆக்சிலரேட்டரை விட்டு, மெல்ல வேகத்தைக் குறையுங்கள்.

டை ராட் எண்ட் ஆடுகிறது என்று கண்டுபிடித்துவிட்டோம். அடுத்த வாரம் பழனி போய்வந்து மாற்றிக்கொள்ளலாமா? கடையில் மூன்று விலையில் எண்ட் காட்டுகிறார்கள். எப்படித் தேர்வது? – வாசகர், தாராபுரம்

மாற்றிவிட்டுப் போங்கள். விரலுக்கு ஆட்டம் தெரியும் நிலைக்கு வந்த எண்டில், பந்தைப் பிடித்திருக்கும் கிண்ணம் ஏற்கெனவே விரிந்திருக்கிறது. பந்து கழன்றால் அந்தப் பக்கச் சக்கரம் தன் இஷ்டத்துக்குத் திரும்பும். பிரேக் பிடிக்கலாம், திருப்ப முடியாது. பூட் கிழிந்து ஆட்டமும் இருந்தாலோ, நட்டில் ஸ்பிளிட் பின் இல்லாமல் இருந்தாலோ, திருப்பும்போது 'டொக்' என்று சத்தம் வந்தாலோ வண்டியை ஷெட் வரைக்குமே மெதுவாகத்தான் ஓட்ட வேண்டும்.

கடையில் எண்டைக் கையில் வாங்கி, பந்துத் தண்டைச் சாய்த்துப் பாருங்கள். கட்டை விரலால் அழுத்தினால் சீராக, கொஞ்சம் கனமாக நகர வேண்டும். தானே ஒரு பக்கம் விழுந்தால் வேண்டாம், கரகரவென்றாலும் வேண்டாம். ரப்பர் பூட்டை அமுக்கினால் உள்ளே கிரீஸ் இருப்பது தெரிய வேண்டும். பொருத்துவதற்கு முன் கூம்புத் தண்டில் மார்க்கர் மையைப் பூசி, நக்கிள் துளையில் ஒரு முறை அழுத்தி எடுங்கள். மை சுற்றிலும் பரவலாக அழிந்திருந்தால் கூம்பு பொருந்துகிறது. ஒரு வளையம் மட்டும் அழிந்திருந்தால் அது நாளடைவில் துளையையே தின்றுவிடும்.

பழையதைக் கழற்ற, நட்டைத் தளர்த்திவிட்டு நக்கிளின் கண் பகுதியைப் பக்கவாட்டில் சுத்தியலால் ஓங்கி ஒரு தட்டு தட்டினால் போதும். மரையின் மேல் அடிக்காதீர்கள். எண்டை ராடிலிருந்து திருகி எடுக்கும்போது எத்தனை சுற்று என்று எண்ணி, புதியதை அத்தனை சுற்றே ஏற்றுங்கள். அலைன்மென்ட் கடை வரை ஓட்டிப்போக அது போதும். நட்டைக் கையேட்டில் உள்ள அளவுக்கு இறுக்கிய பிறகு ஸ்பிளிட் பின் துளை நேராக வராவிட்டால், அடுத்த துளை வரும் வரை மேலும் இறுக்குங்கள். துளைக்காக நட்டைப் பின்னால் திருப்பக் கூடாது. பின்னும் புதியதாக இருக்கட்டும், பழைய பின்னை நிமிர்த்திப் போடாதீர்கள்.